கந்தையும் கலிங்கமும்

ஆற்றுப்படை நூல்களைப் பயின்றோர் ஒரு முறைமையை அறிவர். வள்ளலின் வாயிலை அடைந்த இரவலனுக்கு முதற்கண் கிடைப்பது சோறன்று, துணி. பசியால் கண் இருண்டு வந்து நிற்பவனுக்கு முதலில் புத்தாடை உடுத்தப்பெறுகின்றது. அதன் பின்னரே உணவு வருகின்றது. பொருநராற்றுப்படையில் கரிகாலன் செய்ததும் அதுவே. சிறுபாணாற்றுப்படையில் நல்லியக்கோடன் செய்ததும் அதுவே. பெரும்பாணாற்றுப்படையில் இளந்திரையன் செய்ததும் அதுவே. பசியன்றோ பெரிது, உடைக்கு ஏன் முதலிடம் என்று மாணவர் கேட்பதுண்டு. நல்ல கேள்வி. கந்தையோடு உணவின்முன் அமர்ந்தவன் இரவலன். நல்லுடை உடுத்து அமர்ந்தவன் விருந்தினன். சோறு ஒன்றேதான், உண்பவன் வேறாகிவிடுகின்றான்.

உடையையும் உணவையும் இவ்வாறு ஒன்றாக வைத்து எண்ணுவது நம் பழைய வழக்கம். புறநானூற்றில் நக்கீரனார், உலகை ஒரு குடைக்கீழ் ஆளும் அரசனுக்கும், இரவு பகல் உறங்காது விலங்கின்பின் ஓடும் வேடனுக்கும் வேண்டுவது ஒரு நாழி உணவும் இரண்டு துண்டு உடையுமே என்று அளந்து காட்டினார். அளவைக் கூறுமிடத்தும் அவர் உணவையும் உடையையும் பிரிக்கவில்லை.

உடைக் காட்சியும் உயர்ந்த விருந்தும் ஒரே மாலையில் அமைந்த விழாவொன்றுக்கு அண்மையில் சென்றிருந்தேன். அதனைக் கண்டிருந்த பொழுதெல்லாம் என் நினைவு இந்நூல்களையே சுற்றி வந்தது. நூலொன்றைத் திறனாய்வது போலவே அவ்விழாவையும் ஆராயலாம் என்று தோன்றிற்று. ஆசிரிய நண்பர்கள் பொறுத்தருள்வார்களாக.

விழா நடந்தது தனியார் கல்லூரி ஒன்றில். ஆடை வடிவமைப்புப் பயிலும் மாணவர் தாமே வரைந்து, வெட்டி, தைத்த உடைகளைத் தோழர் தோழியர்க்கு உடுத்தி மேடையில் நடத்திக் காட்டினர். சமையற்கலை பயிலும் மாணவர் ஐந்து வரிசைகளாக இரவு விருந்து சமைத்துப் பரிமாறினர். இரண்டும் அவர்களுடைய தேர்வின் ஒரு பகுதி என்று அறிந்தேன். எம் தோட்டப் பள்ளியில் ஆறாண்டு பயின்று சென்ற மாணவி ஒருத்தி உடை வகுப்பில் இறுதியாண்டில் இருக்கின்றாள். அவள் அழைப்பின் பேரில் யான் சென்றேன். அவளுடைய தாயார் எனக்கு அடுத்த நாற்காலியில் அமர்ந்திருந்தார். அவ்வம்மையார் இருபது ஆண்டுக்கு மேல் பால்மரம் வெட்டியவர்.

முதலில் மேடையைப் பற்றி ஒரு சொல். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில், எட்டுக் கோல் நீளமும் ஏழு கோல் அகலமும் ஒரு கோல் உயரமும் உடையதாய் அரங்கம் அமைத்ததை இளங்கோவடிகள் கூறுகின்றார். அத்துடன் நில்லாது, தூண்களின் நிழல் ஆடுமிடத்தில் விழாது புறத்தே விழும்படி விளக்கு வைத்ததையும் கூறுகின்றார். மின்விளக்கு இல்லாத காலத்து நுண்ணறிவு அது! நாங்கள் கண்ட மண்டபத்தில் மின்விளக்குக்குக் குறைவில்லை. ஆயினும் எல்லாம் ஒரு பக்கத்திலிருந்தே பாய்ந்தன. நடைபாதையின் நடுவில் தூண் நிழல் குறுக்கே கிடந்தது. பொன்னிழை நெசவு மிகுந்த உடை ஒன்று சரியாக அவ்விடத்தில்தான் நின்று திரும்பிற்று. உடையைக் காட்டுவதற்கென்றே அமைந்த விழாவில் உடையை இருட்டில் நிறுத்துவது பொறுக்கத்தக்க குறையன்று.

முன்னர் வந்த இரு தொகுதிகளை விரைந்து கடப்போம். பாத்தேக் தொகுதியில் துணி நன்று, தையல் அவசரம். உருக்கிய மெழுகைச் சந்திங் என்னும் சிறு கருவியால் துணிமேல் ஓட்டி, மெழுகு பட்ட இடம் சாயம் ஏற்காமல் நிற்க, அதனால் உருவம் பெறும் கலை அது. கிளந்தானும் திரங்கானுவும் அக்கலைக்குப் பேர் பெற்றவை. இம்மாணவர் பூவும் கொடியும் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன என்று பாராது, பூவின் நடுவிலே கத்தரி வைத்துவிட்டனர். அடுத்து வந்த சொங்கெட் தொகுதி அதனினும் மேல். பட்டிழையோ பருத்தியிழையோ ஓடும் தறியிலே பொன்னிழை வெள்ளியிழைகளை ஊடே கோத்து நெய்வது சொங்கெட். யுனெஸ்கோ நிறுவனம் 2021இல் மலேசியச் சொங்கெட் கலையை மனித குலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாகப் பதிந்தது. அத்துணியை வைத்து மாணவன் ஒருவன் தைத்த குறுஞ்சட்டையில், முதுகின் நடுவே இரு பக்கத்துக் கோலமும் மயிரிழை பிசகாமல் பொருந்தி நின்றன. கைதட்டலுக்குத் தகுதியான வேலை.

துணிக்கு 'அறுவை' என்பது பழந்தமிழ்ப் பெயர். தறியிலிருந்து அறுத்தெடுப்பது ஆதலின் அப்பெயர். மதுரையில் அறுவை வாணிகன் இளவேட்டனார் என்று துணி வணிகம் செய்த சங்கப் புலவரும் இருந்தார். துணி, துண்டு, கூறை என்பனவும் வெட்டுதல், பகுத்தல் என்னும் கருத்தடியாகப் பிறந்தனவே. இக்காலத்தில் சலிப்பூட்டும் பேச்சையும் இளைஞர் அறுவை என்கின்றனர். விழாவை அறிவித்தவர் இரு தொகுதிகளுக்கும் இடையே நிகழ்த்திய உரையைக் கேட்டபோது, அப்புதுப்பொருளும் பொருத்தமே என்று உணர்ந்தேன்.

இனி, இக்கட்டுரைக்குக் காரணமான மூன்றாம் தொகுதிக்கு வருவோம். அதனை அமைத்தவள் எம் பள்ளியின் பழைய மாணவி. அத்தொகுதிக்கு அவள் இட்ட பெயர் 'பெரட்டு'. தோட்டத்தில் வாழ்ந்தோர்க்கு இச்சொல்லை விளக்க வேண்டுவதில்லை. நகரத்து வாசகர்க்காகக் கூறுகின்றேன். விடியுமுன் தொழிலாளர் அனைவரும் வரிசையில் நிற்க, பெயர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுக்கும் இடமும் நேரமும் பெரட்டு. 'பரேட்' என்னும் ஆங்கிலச் சொல்லே நம்மவர் நாவில் அவ்வாறாயிற்று. உடை உடுத்து மேடையில் அணிவகுத்து வருவதையும் ஆங்கிலத்தில் அச்சொல்லாலேயே குறித்தனர். ஒரு சொல் இரண்டு அணிவகுப்பையும் தழுவி நிற்கின்றது: ஒன்றில் வந்தோர் தம்மைக் காட்ட வந்தோர், மற்றொன்றில் வந்தோர் தம் வருகையைக் கணக்கிற் காட்ட வந்தோர். இருபத்திரண்டு வயதுப் பெண்ணுக்கு இந்தப் பெயர் தோன்றியதே என்று வியந்தேன். ஆனால் அறிவித்தவர் அதன் பொருளைக் கூறவில்லை. 'கிராமத்து எளிமை' என்று ஆங்கிலத்தில் ஒரு தொடர் சொல்லி விலகிக்கொண்டார். இதற்குப் பின்னர் வருவேன்.

தொகுதியில் ஆறு உடைகள். முதலாவது, ஆண்கள் அணியும் முழுக்கைச் சட்டையைப் பெண்ணுடலுக்கு ஏற்பச் சிறிதும் மாற்றாமல் அப்படியே மேலே போட்ட உடை. கொசுக்கடிக்கும் பால் தெறிப்பதற்கும் அஞ்சிக் கணவனுடைய பழைய சட்டையை மேலே மாட்டிக்கொண்டு மரம் வெட்டச் செல்லும் பெண்களை நினைவூட்டியது. தோள்தையல் கைச்சந்துக்குக் கீழே இறங்கிக் கிடந்தது. தைக்கத் தெரியாத பிழை என்று முன்வரிசையில் இருந்த ஒருவர் எண்ணியிருக்கக் கூடும். பிழையன்று; அதுவே உண்மை.

இரண்டாவது, கட்டம் போட்ட கைலித் துணியாலான பாவாடை. மலாய் மொழியில் இத்துணிக்குக் காயின் பெலேக்காட் என்று பெயர். பெலேக்காட் என்பது நம் பழவேற்காடு. சோழமண்டலக் கரையில் நெய்த துணி மலாக்காவுக்குக் கப்பலேறி வந்து, வாசனைப் பொருளுக்கு மாற்றாக விலைபோன காலம் ஒன்று இருந்தது. 1511இல் மலாக்காவைப் பிடித்த போர்த்துகீசியர் அவ்வணிகத்தைக் கண்டு வியந்து எழுதி வைத்தனர். 1613இல் ஒல்லாந்தர் பழவேற்காட்டில் கோட்டை கட்டியதும் பெரும்பாலும் அத்துணியை நாடியே. ஊர்ப்பெயர் துணிப்பெயராய்த் தங்கிவிட்டது. அத்துணியைக் கட்டிக்கொண்டு ஊரிலிருந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகளோ அது மலாய்ச் சொல் என்றே எண்ணுகின்றனர். நம் வகுப்பறைகளில் கப்பல், கடை, ஆப்பம் ஆகியவை மலாய் மொழியில் வழங்குவதைச் சொல்லிக் கொடுக்கின்றோம். பழவேற்காட்டையும் அவ்வரிசையிற் சேர்ப்பது தகும்.

மூன்றாம் உடையே இத்தொகுதியின் உயிர். மரப்பால் துணியிற் பட்டால் முதலில் வெள்ளையாய் இருக்கும். காய்ந்தபின் பழுப்பேறி, நாளாக நாளாகக் கறுத்துவிடும். சோப்புக்கும் அசையாது, கல்லில் அடித்தாலும் போகாது. துணி அட்டைபோல் விறைத்துப்போகும். தோட்டத்துப் பெண்கள் வேலைக்கென்று ஒரு துணியைத் தனியே ஒதுக்கி, வீட்டுக்குள் கொண்டுவராமல் வெளிக்கொடியிலே போட்டு வைத்தது அதனால்தான். இம்மாணவி அந்தக் கறையையே கோலமாக்கினாள். வெள்ளைப் பருத்தித் துணியில் மரப்பாலைச் சொட்டுச் சொட்டாக வடியவிட்டு, காயவைத்து, பின்னர்ச் சாயத்தில் முக்கினாள். பால் பட்ட இடம் சாயம் ஏற்கவில்லை. மெழுகு செய்யும் வேலையைப் பால் செய்தது! பாத்தேக் கலைஞர்க்கு மெழுகு, தோட்டப் பெண்ணுக்குப் பால். கறை எப்படி விழும் என்பதையும் அவள் அறிந்திருந்தாள். மங்கிலிருந்து வாளிக்குப் பாலை வழித்து ஊற்றும்போது எங்கே தெறிக்குமோ, அந்த இடுப்பிலும் வலக்கை மணிக்கட்டிலும் கறை மிகுந்தும், முதுகில் ஏதுமின்றியும் இருந்தன. யான் பார்த்த அளவில், அன்று மேடையேறிய உடைகளில் தன்னை உடுத்தியவளின் வேலையைச் சொன்ன உடை இது ஒன்றே.

பொருநராற்றுப்படையை இங்கே எடுத்து வைத்துப் பாருங்கள். முடத்தாமக்கண்ணியார் கரிகாலன் கொடுத்த ஆடையை எப்படிச் சொல்கின்றார்? இழை ஓடும் வழியைக் கண்ணால் தொடர முடியாத நுண்மை; பூவேலைப்பாடு; பாம்பு உரித்த தோல் போன்ற மென்மை. இதனை எல்லாரும் மேடைகளில் எடுத்துச் சொல்வர். நம் முன்னோர் நெசவில் வல்லவர் என்று பெருமிதம் கொள்வர். பெருமிதம் தகும். ஆனால் அதற்குச் சில அடிகள் முன்னரே புலவர் மற்றொரு துணியைக் காட்டிவிட்டார். பேனும் ஈரும் குடியிருக்கும் துணி. வியர்வையில் நனைந்த துணி. தைத்துத் தைத்து வேற்று இழைகள் நுழைந்துவிட்ட கந்தை. அரவுரிக்கு எத்தனை கூர்மையான கண் செலவாயிற்றோ அத்தனையும் அக்கந்தைக்கும் செலவாயிற்று. பெரும்பாணாற்றுப்படையும் இவ்வாறே: முன்னது பாசி போன்ற கந்தை, பின்னது ஆவி போன்ற கலிங்கம். கந்தையைக் காணாத கண்ணுக்குக் கலிங்கத்தின் நுண்மை புலனாகாது என்பதனை இப்புலவர்கள் நன்கு அறிந்திருந்தனர். கந்தையைச் சொல்வதில் அவர்களுக்கு வெட்கமும் இல்லை, அழுகையும் இல்லை.

நான்காம் உடை பழஞ்சேலையால் ஆனது. அச்சேலை முன்னர் ஏணையாய்த் தொங்கியது என்று குறிப்பிதழில் ஒரு வரி இருந்தது. தாய் மரம் வெட்டப் போக, ஆயாக் கொட்டகையில் பிள்ளையைத் தாங்கிய சேலை. அதில் முடிச்சுப்போட்டுச் சுருங்கிய இடத்தை அவள் தேய்த்து நீக்கவில்லை. தோளில் வருமாறு விட்டிருந்தாள். நன்று.

ஐந்தாம் உடையில் என் மனம் ஒப்பவில்லை. ஒட்டுப்போட்ட உடை அது. வண்ணவண்ணச் சதுரங்கள் ஒரே அளவில், பாவாடையின் கீழ்விளிம்பைச் சுற்றி வரிசையாய்த் தைக்கப்பெற்றிருந்தன. கண்ணுக்கு அழகு. ஆனால் ஒட்டு விழும் இடம் அதுவோ? துணி தேயுமிடத்தில் ஒட்டு விழும். காண்டாக் கம்பு அழுந்தும் தோளில் விழும், முழங்கையில் விழும், குனிந்து நிமிரும் முழங்காலில் விழும். விளிம்பைச் சுற்றி வரிசையாய் நிற்பது ஒட்டன்று, பூவேலை. மூன்றாம் உடையில் கறை விழும் இடத்தை அத்துணை நுட்பமாக அறிந்தவள், ஐந்தாம் உடையில் ஒட்டு விழும் இடத்தை மறந்தது எவ்வாறு? தேர்வாளர்க்கு வண்ணம் வேண்டும் என்று அஞ்சினாளோ என்னவோ.

ஆறாம் உடை இறுதி உடை. அதற்கே கைதட்டல் மிகுதி. வெண்பட்டு, தலையிற் கட்டிய வெண்துணியில் ஒரு நெற்றி விளக்கு, மண்டபத்து விளக்குகளை அணைத்துவிட, அவ்வொரு விளக்கு மட்டும் மெல்ல மெல்ல இருளில் நடந்து வந்தது. மூச்சடக்கிப் பார்த்தனர். யானும் பார்த்தேன். அப்போது அருகிலிருந்த அம்மையார் என் பக்கம் சாய்ந்து, "சார், அப்படிக் கட்டினா வெளக்கு நிக்காது. ரெண்டாவது மரத்துலேயே கண்ணுக்கு எறங்கிடும். முடிச்சு பின்னால வரணும்" என்றார். சற்று நேரம் கழித்து, "இவ்வளவு மெதுவா நடந்தா பாலு எறங்குமா?" என்று சிரித்தார்.

அவ்விரண்டு வரியிலும் ஆறாம் உடையின் முழுத் திறனாய்வும் அடங்கிவிட்டது. விடியுமுன் மரத்தினுள் நீரழுத்தம் மிகுந்திருக்கும். அப்பொழுது கீறினால் பால் நன்கு ஓடும். வெயில் ஏற ஏற ஓட்டம் குறையும். அதனால்தான் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு 400, 500 மரங்களை வெயிலுக்கு முன் முடித்துவிட ஓடுகின்றனர். அது நடையன்று, ஓட்டம். பட்டையைக் கீறும் கையும் அடுத்த மரத்தை நோக்கும் காலும் ஒரே வேளையில் இயங்கும். அந்த விளக்கை மெல்ல நடத்திக் காட்டியபோது அது கோயில் விளக்காய் மாறிற்று. அழகு வந்தது, வேலை போயிற்று. முதல் நான்கு உடைகளில் கந்தையை நேர்நின்று நோக்கியவள், கடைசியில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள் என்றே சொல்ல வேண்டும்.

இப்பொழுது அந்த 'எளிமை' என்னும் சொல்லுக்கு வருகின்றேன். அறிவித்தவர் நல்லெண்ணத்தில் சொன்னார் என்பதில் ஐயமில்லை. ஆயினும் எளிமை என்பது பலவும் வைத்திருப்பவன் சிலவற்றை வேண்டாமென்று விடுவது. மாற்றுத்துணி இல்லாததால் பால்கறைச் சட்டையை நாள்தோறும் உடுத்தவள் எளிமையைத் தேர்ந்துகொண்டவள் அல்லள். வறுமைக்கு எளிமை என்று பெயரிடுவது, கடனுக்குச் சேமிப்பு என்று பெயரிடுவது போல்வது. 'பெரட்டு' என்னும் சொல்லை விளக்க அரை நிமிடம் போதும். அவ்வரை நிமிடத்தைக் கொடுத்திருந்தால், கைதட்டல் ஆறாம் உடைக்கு அன்றி மூன்றாம் உடைக்குக் கிடைத்திருக்கும்.

இனி விருந்து. வெள்ளை விரிப்பிட்ட மேசை. பெரிய தட்டு, சிறிய உணவு. முதலில் சிறு கண்ணாடிக் குவளையில் ரசம் வந்தது. உணவுப் பட்டியலில் அதற்கு முல்லிகடானி என்று பெயர். நம் மிளகுத்தண்ணீர் வெள்ளைக்காரர் வாயிற் புகுந்து அவ்வாறு திரிந்தது. தமிழ்ப் பிள்ளைகளும் சேர்ந்து சமைத்த விருந்தில் அது திரிந்த வடிவிலேயே திரும்பி வந்ததைக் கண்டு சிரிப்பதா வருந்துவதா என்று தெரியவில்லை. ரசம் மட்டும் நல்ல காரம். மீன் குறை சொல்ல இடமில்லை. ஆட்டிறைச்சிப் பிரட்டல் மிக நன்று. அதைச் சமைத்த கை எந்தத் தாயிடம் கற்றதோ, அத்தாய்க்கு என் வணக்கம். இறுதியில் வந்த சவ்வரிசிப் பாயசத்தில் மலாக்காச் சர்க்கரை சற்று மிகுதி.

இரண்டாவதாக வந்தது மரவள்ளிக்கிழங்கு. மசித்து, உருட்டி, பொரித்து, மேலே நெத்திலிச் சம்பல் ஒரு துளி வைத்திருந்தனர். சுவையில் குறையில்லை. பட்டியலில் அதற்கு 'தோட்டத்து இனிய நினைவு' என்னும் பொருள்பட ஆங்கிலத்தில் பெயரிட்டிருந்தனர். இனிய நினைவு! 1941 இறுதி முதல் 1945 வரை ஜப்பானியர் ஆண்ட காலத்தில் பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வந்துகொண்டிருந்த அரிசி குன்றியது. தோட்டத்து மக்கள் மரவள்ளியை நட்டு, அதையே மூன்று வேளையும் தின்றனர். 1942–43இல் சயாம்–பர்மா இருப்புப்பாதையின் 415 கிலோமீட்டர் நீளத்திலும் வேலைக்கென்று கொண்டுசெல்லப்பட்ட நம்மவர் பல்லாயிரவர், திரும்பாதோரும் பல்லாயிரவர். அக்காலத்தைக் கண்ட என் பாட்டியார், பின்னர் அரிசி கிடைத்தபின் தம் வாழ்நாளில் அக்கிழங்கைத் தொட்டதில்லை. சந்தையில் அதைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். இனிய நினைவு என்று அவரிடம் யாரும் சொல்லியிருக்க முடியாது.

பணம் கொடுத்து இனிய மாலையை நாடி வந்தோர்க்குப் பசிக்கதை சொல்வது முறையா என்று சிலர் கேட்கலாம். சிறுபாணாற்றுப்படையைப் பாருங்கள். நத்தத்தனார் நல்லியக்கோடனின் விருந்தைப் பாடுகின்றார். மூங்கிலின் உட்தோலை உரித்தாற்போன்ற ஆடை. காண்டவ வனத்தை எரிக்கு ஊட்டிய அருச்சுனனின் தமையன் வீமன் வகுத்த மடைநூல் முறை வழுவாத பல்வகை அடிசில். சிறுகலங்கள் கோள்களாய்ச் சூழ, இளஞாயிறு போல் ஒளிரும் பொற்கலம். சமையற்கலை பயில்வோர்க்குத் தம் கலைக்கு நூல் இருந்தது என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுமோ? ஆனால் அதே பாட்டில், அதே புலவர், சமையலறை ஒன்றை முன்னரே காட்டியிருக்கின்றார். கூரை இற்று, கரையான் அரித்த அடுக்களை. கண் திறவாத குட்டிகளுக்குப் பால் சுரக்க இயலாமல் குரைக்கும் நாய். குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தாற் கிள்ளி, உப்பில்லாமல் வேகவைத்து, புறங்கூறுவோர் பார்த்துவிடுவர் என்று நாணி, கதவை அடைத்துக்கொண்டு சுற்றத்தோடு உண்ணும் பெண். உப்பில்லாத கீரையும் வீமன் மடைநூலும் ஒரே பாட்டின் 269 அடிக்குள் இருக்கின்றன. அப்பாட்டைக் கேட்க வேண்டியவன் யார்? விருந்திட்ட அரசனே! அவன் முன்னிலையில் புலவர் கீரையை மறைக்கவில்லை. விருந்தின் சுவையும் அதனாற் குறையவில்லை, மிகுந்தது.

பட்டியலில் மரவள்ளியின் பெயருக்குக் கீழே இரண்டே வரி அச்சிட்டிருந்தால் போதும்: எந்த ஆண்டுகளில், ஏன் அதை உண்டனர் என்று. உண்டவர் அனைவரும் அவ்வுருண்டையை இன்னும் சற்று மெதுவாக மென்றிருப்பர். உடைத் தொகுதியில் பாதியளவேனும் நேர்ந்த ஒன்று, விருந்தில் நேரவில்லை. உடை மாணவிக்குத் தான் காட்டுவது எவருடைய உடை என்று தெரியும். சமைத்தவர்க்குத் தாம் சமைப்பது எவருடைய உணவு என்று எவரும் சொல்லவில்லை போலும். பிள்ளைகளைக் குறை கூறேன். ஆசிரியர் இருந்தனர் அல்லரோ?

இருந்தும் அவ்விருந்தில் யான் கண்ட ஒரு செயலை எழுதாமல் விடுவது நடுவுநிலையன்று. எங்கள் மேசைக்குப் பரிமாறியவன் சீன மாணவன் ஒருவன். பத்தொன்பது வயதிருக்கும். அருகிலிருந்த அம்மையார் முள்கரண்டியை எந்தக் கையிற் பிடிப்பது என்று தயங்கியதை அவன் கண்டான். ஒன்றும் பேசாமல் உள்ளே சென்று, வெதுவெதுப்பான நீரை ஒரு கிண்ணத்தில் எலுமிச்சைத் துண்டுடன் கொண்டுவந்து அவர் வலப்பக்கத்தில் வைத்து, முள்கரண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அம்மையார் கை கழுவிவிட்டு நிம்மதியாய் உண்டார். சிறிது நேரத்தில் எங்கள் மேசையில் மற்ற இருவரும் கரண்டியை ஒதுக்கிவிட்டனர். அடுத்து இறைச்சி வந்தபோது அவன் அவருக்கு மட்டும் சோற்றைச் சற்று மிகுதியாய் வைத்தான். தானே நின்று, முகம் மலர்ந்து, பிள்ளைகளை முறைமுறையாய் நோக்கி இளந்திரையன் உண்பித்ததைப் பெரும்பாணாற்றுப்படை கூறுகின்றதே, அப்பகுதியை இனி வகுப்பில் நடத்தும்போது எனக்கு அந்தப் பையனின் முகமே நினைவுக்கு வரும். அந்நூலில் எளியவரும் விருந்திடுகின்றனர். எயினர் உவர்நீரில் வேகவைத்த சோற்றை வாடிய இறைச்சியோடு தேக்கிலையிற் குவித்துக் கொடுக்கின்றனர். ஆயர் தினைச்சோற்றைப் பாலோடு கொடுக்கின்றனர். தேக்கிலைக்கும் பொற்கலத்துக்கும் உருத்திரங்கண்ணனார் ஏற்றத்தாழ்வு கற்பிக்கவில்லை. வெள்ளை விரிப்பிட்ட மேசைக்கும் அதே அளவுகோல்தான்.

விழா முடிந்து மாணவி எங்களிடம் வந்தாள். "குறை சொல்லுங்க சார்" என்றாள். ஒட்டைப் பற்றியும் விளக்கைப் பற்றியும் சொன்னேன். விளக்கின் குறை தன்னுடையதன்று, அவளுடைய தாயார் கண்டுபிடித்தது என்றும் சொன்னேன். அவள் தாயாரைப் பார்த்து, "ஒத்திகைக்கே வாங்கன்னு கூப்பிட்டேன், வரமாட்டேன்னுட்டீங்க" என்றாள். "எனக்கு என்னா தெரியும் அதுல" என்றார் தாயார். அங்கேயே, நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த வேளையில், வெண்பட்டு உடுத்திய அப்பெண்ணை உட்காரவைத்து, தலைத்துணியை அவிழ்த்து, முடிச்சைப் பின்னால் போட்டு, விளக்கை மேலேற்றிக் கட்டிக் காட்டினார். மாணவர் நால்வர் கைப்பேசியில் படம் எடுத்தனர்.

அடுத்த ஆண்டுக் காட்சிக்குப் பெலேக்காட் துணி ஒன்றையே வைத்து முழுத் தொகுதியும் செய்ய எண்ணுகின்றாள். துணிக்குரிய பழைய தமிழ்ப் பெயர்களை எழுதித் தருமாறு கேட்டாள். அறுவை, கலிங்கம், துகில், கூறை, சிதார் என எனக்குத் தோன்றியவற்றை எழுதி, உடன் சிலப்பதிகாரம் ஒன்றையும் அனுப்பினேன். பருத்தியிலும் மயிரிலும் பட்டிலும் நெய்த துணிகள் மடிமடியாய் அடுக்கிக் கிடக்கும் மதுரைத் தெரு ஊர்காண் காதையில் வருகின்றது. அந்தப் பக்கத்தில் தாள் வைத்திருக்கின்றேன். பொருநராற்றுப்படையை அனுப்பவில்லை. அவள் அதைப் படித்திருக்கின்றாள் என்றே மூன்றாம் உடையைக் கண்டபோது எண்ணினேன். கேட்டதற்கு, இல்லை என்றாள்.